நாற்று முடியும் ‘என்னால் முடியும்’ என்ற வரியும்: வந்தவர்களுக்கான மொழிப் பாடத்திட்டம் எப்படி மாறுகிறது?

போன குறுவைக்கு எங்கள் ஊரில் நடவுக்கு ஆள் இல்லை. நீடாமங்கலத்திலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரம்தான் எங்கள் ஊர். குலவை போட்டுக்கொண்டு நட்ட பெண்களுக்கு வயதாகிவிட்டது. அவர்கள் பெற்ற பெண்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். கடைசியில் ஏஜெண்ட் ஒருவர் மூலமாக மேற்கு வங்கத்திலிருந்து பதினெட்டு ஆண்கள் வந்து இறங்கி, பக்கத்து வயல்காரரின் மோட்டார் கொட்டகையில் தங்கினார்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேச்சு.

நான் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். சாயங்காலம் சும்மாதானே இருக்கிறோம், நாலு வார்த்தை தமிழ் சொல்லிக்கொடுப்போமே என்று ஒரு தாளோடு போனேன். ‘இது மரம். அது வீடு. என் பெயர்...’ என்று ஆரம்பிக்கிற தாள். மரியாதைக்குக் கேட்டுக்கொண்டார்கள். மறுநாள் காலையில் வயல்காரர் வரப்பில் நின்றுகொண்டு, “ஏம்ப்பா, அந்த முடிய எடுத்து வீசுப்பா” என்று கத்தினார். சேற்றில் நின்ற பையன் இடுப்பில் கட்டியிருந்த பிளாஸ்டிக் பையிலிருந்து போனை எடுத்து, மொழிபெயர்ப்புச் செயலியிடம் ‘முடி’ என்றால் என்னவென்று கேட்டான். தலைமயிர் என்றது அது. அவன் ஒரு கையால் தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வயல்காரரைப் பார்த்தான்.

நாற்றுக் கட்டுக்குத்தான் இங்கே முடி என்று பெயர். அது செயலிக்குத் தெரியாது. ‘மா’ என்று கேட்டிருந்தால் மாம்பழத்தையோ அரிசி மாவையோ காட்டியிருக்கும். எங்களுக்கு மா என்பது நூறு குழி, ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. கூலியை ஏக்கருக்கு என்று பேசினாலும், நட்டதற்குக் கணக்கு மாவில்தான் ஓடுகிறது. முப்பது வருஷம் பாடம் நடத்தியவன் கொண்டுபோன தாளில் முடியும் இல்லை, மாவும் இல்லை.

பாடத்திட்டம் என்ற சொல்லைப் பலரும் பாடப்புத்தகம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். புத்தகம் கடைசியில் வருவது. எதைக் கற்பிப்பது, எதற்கு அடுத்து எதை வைப்பது, எவ்வளவு தெரிந்தால் போதும், தெரிந்துவிட்டது என்று எப்படிக் கண்டுகொள்வது என்று முதலில் எடுக்கிற முடிவுகள்தான் பாடத்திட்டம். இந்த முடிவுகளுக்கெல்லாம் அடியில் ஒரு கேள்வி இருக்கிறது: இந்த மொழி இவருக்கு எதற்கு வேண்டும்? பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வி இல்லாமலே ஓட்டிவிடலாம், அவர்களுக்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் நேரம் இருக்கிறது. பிழைக்க வந்த பெரியவருக்கு அந்த நேரம் கிடையாது, நாளைக்குக் காலையில் வேலை இருக்கிறது. அவருக்கு உலகம் ஏற்கெனவே தெரியும். நாற்று எப்படிப் பறிப்பது என்று அந்தப் பையனுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அவனுக்குத் தெரிந்த வேலைக்கு இங்கே என்ன சொல் என்பதுதான் பாக்கி.

வெளியிலிருந்து வந்தவருக்குத் தமிழ் கற்பிப்பது எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் கப்பலை விட்டு இறங்கினார் சீகன்பால்க். ஜெர்மன்காரர், டென்மார்க் அரசர் அனுப்பிய பாதிரியார். அவருக்கென்று பாடத்திட்டம் ஏதும் இல்லை. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். வளர்ந்த மனிதர் குழந்தையின் பாடத்திட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டார் என்று சொல்லலாம். அவருக்கு அது ஒத்துவந்தது. வாசிப்பதும் எழுதுவதும்தானே அவர் பிழைப்பு. பத்து வருஷம் கழித்து, 1716ல், ஹாலே நகரில் அவருடைய தமிழ் இலக்கணம் லத்தீனில் அச்சானது. அடுத்து வருகிற பாதிரியார் மணலிலிருந்து தொடங்க வேண்டாம், தனக்குத் தெரிந்த லத்தீன் வழியாகவே தமிழுக்குள் நுழையலாம். ஒரே தலைமுறைக்குள் பாடத்திட்டம் மாறிவிட்டது.

கொள்ளிடத்துக்கு வடகரையில் ஏலாக்குறிச்சியில் இருந்த பெஸ்கி, நம்முடைய வீரமாமுனிவர், இன்னும் ஒரு படி போனார். செந்தமிழுக்குத் தனி இலக்கணமும், அவர் கொடுந்தமிழ் என்று சொன்ன பேச்சு வழக்குக்குத் தனி இலக்கணமும் எழுதினார். ஊர்ச் சனங்களோடு பேச வேண்டியவருக்கு எது, காப்பியம் படிக்க வேண்டியவருக்கு எது என்று பிரித்துவிட்டார் என்பதே இதற்குப் பொருள். புதிதாக வந்த பாதிரிமார் படித்துப் பழகத்தான் பரமார்த்த குரு கதையும் பிறந்தது. கொடுந்தமிழ் இலக்கணம் 1738ல் தரங்கம்பாடியில் அச்சானது. அவர் கத்தோலிக்கர். அச்சகம் லுத்தரன் சபையாருடையது, அவர்களோடு எழுத்தில் கடுமையாகச் சண்டை போட்டவர் அவர். நல்ல பாடப்புத்தகம் வேண்டும் என்று வந்துவிட்டால் மதச் சண்டை கொஞ்சம் ஒதுங்கி நிற்கும் போலிருக்கிறது. அதன்பின் 1812ல் சென்னை ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி வந்தது. கும்பெனி உத்தியோகஸ்தர்கள் வரி வசூலுக்கும் வழக்கு விசாரணைக்கும் வேண்டிய மொழியைக் கற்றுத் தேர்வு எழுத வேண்டும். நோக்கம் வேறு என்றதும் பாடமும் வேறாகிவிட்டது.

இவர்கள் எல்லோரும் அதிகாரத்தோடு வந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. எதற்காகக் கற்கிறோம் என்பதை அவர்களே தீர்மானித்தார்கள். கூலிக்கும் அடைக்கலத்துக்கும் வந்தவர்களுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. இருபதாம் நூற்றாண்டின் கதை பெரும்பாலும் அவர்களைப் பற்றியது.

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஐரோப்பாவில் வீடிழந்தவர்கள் கப்பல் கப்பலாக ஆஸ்திரேலியா போனார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்க 1948ல் அந்த அரசு தொடங்கிய திட்டம் இன்றும் நடக்கிறது. கப்பலிலேயே வகுப்பு நடந்தது. தபாலிலும் ரேடியோவிலும் பாடம் போயிற்று. கரும்பலகையில் இலக்கணம் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வதற்குப் பதிலாக, ஒரு சூழ்நிலையை நடித்துக்காட்டி அதற்குரிய வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கும் முறை அங்கே வேரூன்றியது. ஆசிரியர் கதவைத் திறப்பார், ‘நான் கதவைத் திறக்கிறேன்’ என்பார், எல்லோரும் சொல்வார்கள். இலக்கணப் புத்தகத்தைவிட இது எவ்வளவோ தேவலை. ஆனாலும் கதவைத் திறக்கும்போது ‘கதவைத் திறக்கிறேன்’ என்று யார் சொல்கிறார்கள்? என்னுடைய ‘இது மரம்’ தாளும் அந்த ரகம்தான்.

1970களில் கேள்வியே திரும்பியது. ஐரோப்பிய நாடுகள் பல சேர்ந்த அமைப்பான ஐரோப்பிய கவுன்சில் கூட்டிய மொழியறிஞர்கள், மொழியை வாக்கிய அமைப்புகளாகப் பிரிக்காமல் அதை வைத்துச் செய்கிற காரியங்களாகப் பிரித்தார்கள். மன்னிப்புக் கேட்பது, வழி கேட்பது, மறுப்பது, சந்தேகத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வது என்று பட்டியல் போட்டார்கள். 1975ல் ஆங்கிலத்துக்கு அப்படி ஒரு பட்டியல் ‘வாசல் நிலை’ (Threshold Level) என்ற பெயரில் வெளிவந்தது. நிகழ்காலம், இறந்தகாலம், செயப்பாட்டுவினை என்ற வரிசை பின்னுக்குப் போய், முதலில் எந்தக் காரியம் என்ற வரிசை முன்னுக்கு வந்தது. மொழிப் பாடத்திட்டங்களில் நடந்த பெரிய திருப்பம் இதுதான் என்பேன். இன்றைக்கு எந்த மொழிப் புத்தகத்தைப் பிரித்தாலும் முதல் பாடம் ‘அறிமுகம்’, அடுத்தது ‘கடையில்’, அதற்கடுத்தது ‘மருத்துவரிடம்’ என்று இருப்பது அதன் வழிவந்ததுதான்.

அதே காலத்தில் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் அகதிகள் லட்சக்கணக்கில் அமெரிக்கா போனார்கள். போகுமுன்பே பிலிப்பைன்ஸின் பட்டான் போன்ற முகாம்களில் அவர்களுக்கு ஆங்கில வகுப்பு நடந்தது. பஸ் ஏறுவது, விண்ணப்பம் நிரப்புவது, வேலைக்கு நேர்காணல், மேற்பார்வையாளர் சொல்வதைப் புரிந்துகொள்வது எல்லாம் பாடம். இதற்குத் திறன் அடிப்படைப் பாடத்திட்டம் என்று பெயர். கைக்கு வேலை கொடுத்தது, நல்லதுதான். ஆனால் 1980களில் அங்கேயிருந்த ஆசிரியர்கள் சிலர் சங்கடமான ஒரு கேள்வியைக் கேட்டார்கள்: ‘சரி சார், இப்போதே செய்கிறேன்’ என்று சொல்லச் சொல்லித்தருகிறோம், ‘இந்தக் கூலி சரியில்லை’ என்று சொல்ல ஏன் சொல்லித்தருவதில்லை? எந்தத் திறன் தேவை என்பதை யார் முடிவு செய்தது?

இந்தக் கேள்வி எனக்கு அந்நியமாகப் படவில்லை. 1990களின் தொடக்கத்தில் நான் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் தொண்டன். பக்கத்துப் புதுக்கோட்டையில் கல்குவாரிப் பெண்களும் வயல்வேலைப் பெண்களும் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொண்டதை நாடே பேசியது. எழுத்தறிவுத் திட்டத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்கள் உண்டு. சைக்கிள் ஓட்டிய பெண்கள் கேட்கவில்லை.

ஆஸ்திரேலியாவில் 1980களில் ஊசல் மறுபக்கம் போயிருந்தது. கற்பவருக்கு என்ன வேண்டுமோ அதைக் கேட்டு ஆசிரியரே பாடத்தை அமைக்கட்டும் என்று விட்டார்கள். கேட்க அழகாக இருந்தது. நடைமுறையில் ஒவ்வொரு வகுப்பும் ஒவ்வொரு திக்கில் போனது. ஒரு மையத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியவர் முன்பே படித்ததையே திரும்பப் படித்தார். தனியாகப் பாடத்திட்டம் தயாரிக்க ஆசிரியர்களுக்கு நேரமும் இல்லை. எல்லோருக்கும் பொதுவான சட்டகம் வேண்டும் என்ற கோரிக்கை மேலிடத்திலிருந்து மட்டும் வரவில்லை, வகுப்பறையிலிருந்தும் வந்தது. 1990களில் சான்றிதழோடு கூடிய பொதுப் பாடத்திட்டம் வந்தது. ஒருவருக்கு 510 மணி நேரம் என்று வரம்பும் வந்தது. அந்த மணிக்கணக்கு 2021ல்தான் நீக்கப்பட்டது.

2001ல் ஐரோப்பிய கவுன்சில், மொழித்திறனை அடியில் ஏ1, பிறகு ஏ2, பி1, பி2, சி1, உச்சியில் சி2 என்று ஆறு படிகளாக அளக்கும் பொது அளவுகோலை வெளியிட்டது. இதில் ஒவ்வொரு படியும் ‘என்னால் முடியும்’ என்ற வாக்கியங்களால் ஆனது. ‘என்னை அறிமுகப்படுத்திக்கொள்ள என்னால் முடியும்’, ‘எளிய படிவம் நிரப்ப என்னால் முடியும்’ என்கிற மாதிரி. அந்தப் பையனிடம் இதைச் சொன்னால் மறுபடியும் தலையைத் தொட்டுப் பார்ப்பான்.

அளவுகோலை உருவாக்கியவர்கள் நினைத்தது, யாருக்கு எவ்வளவு தெரியும் என்பதை நாடு தாண்டியும் புரியும்படி சொல்ல ஒரு வழி. அது கைக்கு வந்ததும் அரசாங்கங்களுக்கு வேறு ஒரு யோசனை வந்தது: வாசல் கதவில் இதை மாட்டிவைத்தால் என்ன? ஜெர்மனி 2005ல் குடியேறியவர்களுக்கு 600 மணி நேர மொழி வகுப்பையும் அந்நாட்டுச் சட்டம், வரலாறு, வாழ்க்கைமுறை பற்றி 30 மணி நேர வகுப்பையும் சட்டமாக்கியது. அந்த 30 மணி படிப்படியாக ஏறி 2016ல் 100 ஆனது. 2007லிருந்து கணவனையோ மனைவியையோ சேர்ந்து வாழப் போகிறவர், சில விலக்குகள் போக, புறப்படும் முன்பே ஏ1 தேர வேண்டும். அன்றைக்கு எங்கள் டெல்டாவில் ஜெர்மன் படிப்பது என்பது ஒரு பொழுதுபோக்கு. இன்று விசாவுக்கான காகிதம்.

அந்த ஏ1 தேர்வில் ஒரு பகுதி என்னை எப்போதும் சிரிக்க வைக்கும். அறிமுகம் செய்துகொண்டதும், பெயரை எழுத்துக்கூட்டச் சொல்வார்கள். நமக்கு இனிஷியல்தான் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் அந்தக் கட்டத்தில் போய் உட்கார்ந்துவிடும். அப்பா பெயர் திருநாவுக்கரசு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் பதினாறு எழுத்து. அதை ஜெர்மன் உச்சரிப்பில் எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டும். என் தங்கை மகள் நர்ஸ். அவள் ஜெர்மன் வேலைக்குப் படித்தபோது இந்தப் பதினாறெழுத்தை அடுப்படியில் நின்றுகொண்டு சொல்லிப் பழகினாள். “மாமா, அப்பா பெயருக்கே தனி டியூஷன் வேணும் போலிருக்கு” என்றாள். நர்ஸ் வேலைக்குப் பெரும்பாலும் பி2 கேட்கிறார்கள். அங்கே போன பிறகு, ஷிப்ட் மாறும்போது நோயாளி நிலையை அடுத்தவரிடம் ஒப்படைப்பதற்கென்று வேலையோடு ஒட்டிய பாடம். முதலில் எல்லோருக்கும் பொதுவான மொழி, பிறகு தொழிலுக்கான மொழி என்ற இந்த அடுக்கு கடந்த இருபது வருஷத்தில் பெரிதாக வளர்ந்திருக்கிறது. தொழிலுக்கானதை முன்னுக்குத் தள்ளினால் என்ன என்று நாற்று முடியைப் பார்த்த எனக்குத் தோன்றுகிறது.

காரைக்காலில் கதை வேறு. பிரெஞ்சுக் குடியுரிமையோடு இருக்கும் குடும்பங்கள் அங்கே இன்றும் உண்டு. அந்த வீட்டுக்கு மருமகளாகிப் பிரான்ஸ் போகிற பெண்ணுக்குப் பத்து வருஷம் முன்பு சொன்ன அறிவுரை இன்று பொருந்தாது. குடியேறுகிறவர் பிரெஞ்சு அரசோடு போடுகிற, 2016ல் வந்த ஒருங்கிணைப்பு ஒப்பந்தத்தில் இலக்கு ஏ1 மட்டும். வகுப்புக்கு ஒழுங்காகப் போய்வந்தாலே அநேகமாகப் போதும். 2024 ஜனவரியில் வந்த சட்டத்தின்படி, 2026 ஜனவரி 1 முதல் பல ஆண்டு வசிப்பு அட்டைக்கு ஏ2, பத்தாண்டு அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2. மொழி வளர்ந்துவிடவில்லை, பிரெஞ்சு இலக்கணமும் மாறவில்லை. அரசியல் மாறியது, பாடத்திட்டம் மாறியது.

ஈழத்தமிழர் நிறையப் பேர் வாழும் நார்வேயில் மணிக்கணக்கு என்ன பாடுபட்டது என்று பாருங்கள். 2005ல் 300 மணி நேரம் கட்டாயம். 2012ல் 600. 2021ல் வந்த சட்டம் மணிக்கணக்கையே விட்டுவிட்டு, எந்தப் படியை எட்ட வேண்டும் என்பதைப் பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவுக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. மணிக்கணக்கு முறை மெதுவாகப் படிக்கிறவருக்கு அநியாயம், ஏனென்றால் நேரம் முடிந்ததும் கதவு சாத்தப்படும். படிக்கணக்கு முறையிலும் அவருக்குத்தான் கஷ்டம், ஏனென்றால் எட்டும்வரை கதவு திறக்காது.

தன் தாய்மொழியிலேயே எழுதப் படிக்கத் தெரியாதவர் வகுப்புக்கு வந்தால் என்ன செய்வது? இந்த ஏற்பாடுகள் எதற்கும் அது நெடுநாள் தெரியவில்லை. ஏ1 படியே எழுத்து தெரிந்தவரை மனதில் வைத்து எழுதப்பட்டது. அப்படிப்பட்டவர்களுக்கென்று தனி வழிகாட்டியை ஐரோப்பிய கவுன்சில் வெளியிட்டது 2022ல்தான். என் பதினெட்டுப் பேரில் மூன்று பேருக்கு வங்காள எழுத்தும் வராது. அவர்களில் ஒருவர் என் தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அன்றிலிருந்து வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்புகிறேன்: ஒரு படம், ஒரு சொல். வரப்பின் படம், “வரப்பு”. மடையின் படம், “மடை”.

நம் நாட்டுக்குள்ளேயே வருகிறவர்களைக் குடியேறியவர் என்று சொல்ல முடியாது. ஆனால் மொழி விட்டு மொழி வருகிறார்கள், படும் பாடு அதேதான். கேரளத்தில் 2017ல் பெரும்பாவூரில் தொடங்கிய ‘சங்ஙாதி’ திட்டம் இவர்களுக்கு மலையாளம் கற்பிக்கத் தனிப் புத்தகமே போட்டது. இங்கே ஒருவர் உட்கார்ந்து எழுதினால் முதல் பக்கத்திலேயே பெஸ்கியின் பிரச்சினை வந்து நிற்கும்: ‘வருகிறீர்களா’ என்று எழுதுவதா, ‘வர்றீங்களா’ என்று எழுதுவதா? பஸ் போர்டு படிக்க எழுத்துத் தமிழ் வேண்டும். வயல்காரர் பேசுவது புரிய இந்தப் பக்கத்துப் பேச்சு வேண்டும். நான் இரண்டாவதைத்தான் முதலில் வைத்தேன். சக வாத்தியார் ஒருவருக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

சம்பா நடவுக்கு அதே குழு திரும்பி வந்தது. இந்த முறை தாள் எழுதுமுன் கேட்டேன்: என்ன வேண்டும்? மேஸ்திரி பையன் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தான். ‘தண்ணி எப்ப விடுவீங்க’, ‘சோறு வரலை’, ‘காய்ச்சலடிக்குது, ஆஸ்பத்திரி எங்கே’. கடைசியாக, தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டு அவன் இந்தியில் சொன்ன வரி: நீங்க நாலு மா சொன்னீங்க, நாங்க நட்டது அஞ்சு மா, கணக்குப் பார்த்துக் கொடுங்க.

நாலைந்து தடவை சொல்லிப் பழகினோம். ‘அஞ்சு’ அவனுக்கு வந்துவிட்டது, ‘கணக்கு’ என்பதில் ‘ண’தான் வரவில்லை. வயல்காரர் அந்தப் பக்கமாக வந்தவர் தாளை வாங்கிப் படித்துப் பார்த்தார். “இதெல்லாம் எதுக்கு சார் இவங்களுக்கு?” என்றார்.

“தப்பா சொன்னா உங்களுக்குப் புரியாதே” என்றேன். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நட்டது நாலே முக்கால்தான் என்றார்.